மேஜைக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கும் கவலை

அனைவருக்கும் வணக்கம். முதல் வேலை தேடுகிறவர்களும், இடையில் வேலையை விட்டு மறுபடி தொடங்க நினைக்கிறவர்களும் இந்த அரங்கில் நிறைய இருக்கிறீர்கள். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நேர்முகத் தேர்வில் நம்மைத் திணறடிக்கும் கேள்விகள் மிகச் சில. “இந்த இரண்டு வருடம் என்ன செய்தீர்கள்?” “பழைய வேலையை ஏன் விட்டீர்கள்?” “உங்களிடம் என்ன குறை?” நம்மை மடக்கத்தான் கேட்கிறார்கள் என்ற எண்ணத்தோடு உள்ளே போகிறோம். அப்படிக் கேட்பவர்களும் உண்டு. ஆனால் பெரும்பாலும் எதிரே இருப்பவர் மனத்தில் ஒரு கவலை இருக்கிறது. தவறான ஆளை எடுத்துவிட்டால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். வந்தவர் மூன்றே மாதத்தில் போய்விட்டால் மறுபடி விளம்பரம், மறுபடி தேர்வு, மறுபடி பயிற்சி. அந்தக் கவலை என்ன என்று ஒரு கணம் யோசித்து அதற்குப் பதில் சொல்லுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

இடைவெளியை எடுத்துக்கொள்வோம். கேட்பவருக்கு இரண்டு சந்தேகம்: கற்ற தொழில் மறந்திருக்குமோ, மறுபடி பாதியில் போவாரோ. “அம்மாவுக்கு உடல்நிலை சரியில்லை, கூடவே இருந்து பார்த்துக்கொண்டேன். இப்போது அந்தப் பொறுப்பை அண்ணன் ஏற்றிருக்கிறார். விட்டுப்போனதை ஈடுகட்ட இந்தத் துறையில் வந்த புதிய மென்பொருளைக் கற்றுக்கொண்டேன்.” இவ்வளவு போதும். இரண்டு சந்தேகமும் தீர்ந்துவிட்டது. நோயின் பெயரோ மருத்துவமனைக் கதையோ வேண்டாம். குரலில் மன்னிப்பும் வேண்டாம். பெற்றவளையோ பிள்ளையையோ பார்த்துக்கொள்ள வேலையை விட்டவர்கள் குற்றவாளி மாதிரி தலைகுனிந்து பதில் சொல்வதைப் பார்க்கும்போது எனக்கு மனசு தாங்குவதில்லை. நீங்கள் ஒளிந்திருக்கவில்லை, ஒரு பொறுப்பைச் சுமந்திருக்கிறீர்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: தேதிகளை இழுத்து இடைவெளியை மறைக்காதீர்கள். பல நிறுவனங்கள் பழைய நிறுவனத்திடம் விசாரிக்கின்றன. சேர்ந்த பிறகு பொய் தெரிந்தால் வேலையும் போகும், பெயரும் போகும். வேலையிலிருந்து நீக்கியிருந்தாலும் அப்படித்தான். நீக்கினார்கள், இன்ன காரணம், அதற்குப் பிறகு நான் இதை மாற்றிக்கொண்டேன் என்று மூன்று வரியில் சொல்லிவிடுங்கள். பழைய மேலாளரைத் திட்டத் தொடங்கினால், நாளை நம்மையும் இப்படித்தான் பேசுவார் என்றுதான் கேட்பவருக்குத் தோன்றும்.

குறை பற்றிய கேள்விக்கு “அளவுக்கு மீறி உழைப்பேன்” என்கிற பதிலை அவர்கள் ஆயிரம் முறை கேட்டிருப்பார்கள். உண்மையான ஒன்றைச் சொல்லி, அதற்கு இப்போது என்ன செய்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனி, பதில் தெரியாத கேள்வி. தாமஸ் எடிசன் தன்னிடம் வேலைக்கு வரும் பட்டதாரிகளுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பொது அறிவுக் கேள்விகள் வைத்திருந்தார். 1921ல் அந்தக் கேள்விகள் பத்திரிகைகளில் வெளிவந்து பெரிய விவாதமே நடந்தது. அதே ஆண்டு அமெரிக்கா வந்திருந்த ஐன்ஸ்டைனிடம் அதிலிருந்து ஒன்றைக் கேட்டார்கள்: ஒலியின் வேகம் என்ன? உடனே சொல்லத் தெரியவில்லை என்றார் அவர். புத்தகத்தில் எளிதில் கிடைப்பதை மனத்தில் சுமப்பதில்லை என்று விளக்கமும் தந்தார். ஐன்ஸ்டைன் சொன்னால் ரசிப்பார்கள், நாம் சொன்னால்? சரியான கேள்விதான். அதனால் நாம் “தெரியாது” என்பதோடு நிறுத்தக் கூடாது. “இது எனக்குத் தெரியாது. ஆனால் இதற்குப் பக்கத்தில் இருக்கும் இந்த விஷயம் தெரியும். அதிலிருந்து இப்படித் தொடங்குவேன், இங்கே சரிபார்ப்பேன்.” தெரியாத வேலை வந்தால் இவர் என்ன செய்வார் என்பதுதான் அவர் கவலை. அதை நீங்கள் கண்ணெதிரே செய்து காட்டிவிட்டீர்கள். தெரிந்ததுபோல் சமாளித்தால் அடுத்த கேள்வியிலேயே பிடிபடுவோம்.

சம்பளத்துக்கு வருகிறேன். பழைய சம்பளம் குறைவாக இருந்தது என்பதற்காகப் புதிய சம்பளமும் குறைய வேண்டும் என்பது எந்த வகையிலும் நியாயமில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023ல் கொண்டுவந்த ஊதிய வெளிப்படைத்தன்மை விதி, விண்ணப்பிப்பவரிடம் பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது என்கிறது. அமெரிக்காவின் சில மாநிலங்களிலும் அப்படிச் சட்டம் உண்டு. சட்டம் இல்லாத இடத்தில், அந்த வேலைக்கு வெளியில் என்ன தருகிறார்கள் என்று முன்பே விசாரித்து, ஒரு வரம்பாகச் சொல்லுங்கள்.

தேர்வு நடத்துகிறவர்களும் இங்கே இருக்கிறீர்கள். ஷ்மிட், ஹன்டர் என்ற இரு உளவியலாளர்கள் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1998ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி கேள்வி, ஒரே மதிப்பெண் முறை என்று திட்டமிட்டு நடத்தும் நேர்காணல், மனம்போனபடி பேசிப் பார்ப்பதைவிட ஒருவர் வேலையில் எப்படி இருப்பார் என்பதை நன்றாகக் கணிக்கிறது என்று அதில் காட்டினார்கள். தயவுசெய்து அப்படி நடத்துங்கள். கல்யாணம் எப்போது, குழந்தை எப்போது என்று பெண்களிடம் கேட்பதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

அந்தக் கேள்வி வந்தே தீர்ந்தால், பெண்களே, குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியதில்லை. “இந்த வேலைக்கு வேண்டிய நேரத்தை என்னால் தர முடியும்” என்று அமைதியாகச் சொல்லுங்கள். அதற்கு மேலும் தோண்டினால், அந்த இடத்தில் வேலை எப்படி இருக்கும் என்று அவர்களே காட்டிவிட்டார்கள். வேறு வாய்ப்பு கையில் இருந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். இல்லையென்றால் சேருங்கள், ஆனால் தேடுவதை நிறுத்தாதீர்கள்.