தெஹிவளை வீட்டுக் கராஜ் தரை: பெயின்ற் ஏன் உரியுது, எப்பொக்சி எப்ப பூசலாம்?

அடுத்த கேள்வி தெஹிவளையில இருந்து ஒரு தங்கச்சி அனுப்பினது. வாசிக்கிறன்.

"அண்ணா, எங்கட வீட்டுக் கராஜுக்கு ரெண்டு வருசத்துக்கு முன்னம் சாம்பல் நிறத் தரைப் பெயின்ற் அடிச்சனாங்கள். ஆறு மாசத்திலேயே கார்ச் சில்லு நிக்கிற இடமெல்லாம் உரிஞ்சிட்டுது. சுவர்க்கரையோரம் சின்னச் சின்னக் கொப்புளமா வந்திருக்கு. இப்ப தரை வேலை செய்யுற ஒரு பாஸ் வந்து பார்த்திட்டு, அதுக்கு மேலேயே எப்பொக்சி போட்டால் பத்து வருசத்துக்குத் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை எண்டு சொல்லுறார். போடலாமோ? நாங்களே செய்யக்கூடிய வேலையோ?"

போடலாம் தங்கச்சி. எப்பொக்சி எண்டது ரெண்டு டின்னில வாறதைக் கலந்து பூச, தரையில இறுகி நிக்கிற பூச்சு. ஆனா அந்தப் பெயின்றுக்கு மேல போடாதேங்கோ. எப்பொக்சி எவ்வளவு நல்லதா இருந்தாலும், அது பிடிச்சிருக்கிறது கீழ இருக்கிற பெயின்றைத்தான். அந்தப் பெயின்ற் கிளம்பினால் எப்பொக்சியும் அதோட சேர்ந்து கிளம்பும்.

நீங்கள் அனுப்பின மூண்டு படத்தையும் வடிவாப் பார்த்தனான். உங்கட தரையில இருக்கிறது ஒரு வருத்தமில்லை, ரெண்டு. சில்லு நிக்கிற இடத்தில உரிஞ்சது ஒரு காரணத்தால. சுவரோரக் கொப்புளம் வேற காரணத்தால. ரெண்டுக்கும் ஒரே மருந்து போட ஏலாது.

முதல்ல சில்லடி. மத்தியான வெயிலில கொழும்பு-காலி வீதி நெரிசலுக்குள்ள ஓடி வந்து நிக்கேக்க டயர் நல்லாச் சூடேறி விரிஞ்சிருக்கும். கராஜுக்குள்ள நிண்டு ஆறேக்க அது சுருங்கும். சுருங்கேக்க அடியில இருக்கிற பெயின்றையும் பிடிச்சு இழுக்கும். டயர் றப்பரை இளக்கமா வைச்சிருக்கச் சேர்க்கிற எண்ணெய்ச் சாமான்களும் மெல்ல மெல்லப் பெயின்றுக்குள்ள இறங்கி அதை மென்மையாக்கும். பிறகு நீங்கள் றிவேர்ஸ் எடுக்கேக்க, சில்லு அளவுக்கு ஒரு துண்டு கழண்டு வரும். ஒரே டின்னில வாற சாதாரணத் தரைப் பெயின்றுக்கு இதைத் தாங்குற பலம் இல்லை.

பெயின்ற் மட்டுமா பிழை, தரையும் பிழையா எண்டதை நீங்களே கண்டுபிடிக்கலாம். உரிஞ்ச இடத்தில ஒரு துண்டை நகத்தால கிளப்பி எடுங்கோ. எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கோ. பின்பக்கம் துப்பரவா, கண்ணாடி மாதிரி இருந்தால், அந்தத் தரை பூச்சைப் பிடிக்கவே இல்லை. மேற்பரப்பு வழுவழுப்பா இருந்திருக்கும், இல்லாட்டி மெழுகோ எண்ணெயோ இருந்திருக்கும். பின்பக்கம் முழுக்கச் சாம்பல் தூள் ஒட்டியிருந்தால், பெயின்ற் பிடிச்சுத்தான் இருந்திருக்கு. தரையின்ர மேல் தோல்தான் கழண்டு வந்திருக்கு. எங்கட ஊரில கொங்கிரீற்றுப் போட்டு முடிய, வெறும் சீமெந்தைத் தூவி மேசன் கரண்டியால மினுக்கி விடுறவை. பார்க்க நல்ல வடிவு. ஆனா அந்த மெல்லிய தோல் கீழ இருக்கிற கொங்கிரீற்றை மாதிரிப் பலமில்லை. மூண்டாவது, பின்பக்கம் ஈரமா இருந்தால், இல்லாட்டி வெள்ளை உப்புப் பூத்திருந்தால், அது கீழயிருந்து வாற தண்ணி. சுவரோரத் துண்டுகளில உங்களுக்கு இதைத்தான் காணக் கிடைக்கும் எண்டு நான் நினைக்கிறன்.

இந்தத் தண்ணி விசயத்தைக் கொஞ்சம் விரிவாச் சொல்லப் போறன். கொழும்பில தரைப்பூச்சு பிழைக்கிறதுக்கு நான் கண்ட பெரிய காரணம் இதுதான்.

சில வருசத்துக்கு முன்னம் வெள்ளவத்தையில, கடற்கரை றெயில் பாதைக்குக் கிட்ட, ஒரு பழைய வீட்டுக் கராஜ் எனக்கு வந்தது. பெப்ரவரி மாசம். தரை காய்ஞ்சு வெள்ளையாக் கிடந்தது. கையை வைச்சுப் பார்த்தன், ஈரமே இல்லை. சோதிக்காமல் பூசிட்டன். கண்ணாடி மாதிரி வந்தது, வீட்டுக்காரருக்கும் நல்ல சந்தோசம். மே மாசம் மழை துவங்கிச்சு. ஜூனில அவர் கோல் எடுத்தார், தரை கொப்புளிக்குது எண்டு. போய்ப் பார்த்தால் ஒரு ரூபாய்க் குத்தி அளவில நூற்றுக்கணக்கான கொப்புளம். ஒண்டை ஊசியால குத்தினன். உள்ளயிருந்து தண்ணி பீச்சி அடிச்சுது. விரலில பட்டதைத் தேய்ச்சுப் பார்த்தால் சவர்க்காரத் தண்ணி மாதிரி வழுக்கிச்சு. கொங்கிரீற்றுக்குள்ள இருக்கிற காரத்தையும் கரைச்சுக்கொண்டுதான் அந்தத் தண்ணி மேல வந்திருக்கு. முழுத் தரையையும் உரசி எடுத்து, என்ர செலவில திரும்பச் செய்து குடுத்தனான். அந்த மனுசன் என்னை ஒரு வார்த்தை ஏசேல்லை. அது எனக்கு இன்னும் மனசில நிக்குது. அதுக்குப் பிறகு ஒரு தரையையும் நான் சோதிக்காமல் தொட்டதில்லை.

கொங்கிரீற்று பார்க்கக் கல்லு மாதிரி. ஆனா உள்ளுக்கு மயிரிலும் மெல்லிய துவாரம் நிறைய. விளக்குத்திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி நிலத்து ஈரத்தை அது மேல இழுக்கும். இப்ப கட்டுற வீடுகளில கொங்கிரீற்றுப் போட முதல் நிலத்தில மொத்தப் பொலித்தீன் விரிக்கிறவை. பழைய வீடுகளில கனக்க இடத்தில அது இல்லை. தரை திறந்து கிடக்கும் மட்டும் அந்த ஈரம் ஆவியாப் போயிடும், உங்களுக்கு ஒண்டும் தெரியாது. எப்பொக்சி போட்டு மூடினவுடன போக வழியில்லை. பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளிக்கிடும்.

சோதிக்கிறது லேசு, தங்கச்சி. மொத்தமான, ஊடு தெரியுற பொலித்தீனில 18 அங்குலச் சதுரம் வெட்டுங்கோ. பழைய பெயின்ற் இல்லாத இடமாப் பார்த்து, தரையைத் துடைச்சு, நாலு கரையையும் காத்துப் போகாத மாதிரி ரேப்பால ஒட்டுங்கோ. குறைஞ்சது 16 மணித்தியாலம் விடச் சொல்லுறவை. நான் ரெண்டு நாள் விடுவன். பிறகு கழட்டிப் பாருங்கோ. பொலித்தீன்ர உள்பக்கம் துளி துளியா வேர்த்திருந்தாலோ, மூடின இடம் மட்டும் கறுத்திருந்தாலோ, ஈரம் வருது. நடுவில ஒண்டு, சுவரோரம் ஒண்டு, கேற்றடியில ஒண்டு எண்டு மூண்டு இடத்தில ஒட்டுங்கோ.

எப்ப ஒட்டுறது எண்டதுதான் முக்கியம். கன பேர் தை, மாசியில சோதிச்சு, காய்ஞ்சிருக்கு எண்டு பூசிடுவினம். நான் செய்த அதே பிழை. சோதனையை மழைக்குள்ள செய்யுங்கோ. மே தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவமழை, பிறகு ஒக்டோபர், நவம்பரில இடைப்பருவ மழை. நாலைஞ்சு நாள் விடாமல் பெஞ்ச பிறகு ஒட்டிப் பாருங்கோ. அப்பவும் பொலித்தீன் காய்ஞ்சிருந்தால் உங்களுக்குப் பயமில்லை. பூசுறதை ஜனவரி, பெப்ரவரியில வைச்சுக்கொள்ளுங்கோ, கொழும்பில மழை குறைஞ்ச மாசம் அதுதான்.

ஈரம் வருது எண்டு கண்டால் சாதாரண எப்பொக்சியை மறந்திடுங்கோ. ரெண்டு வழி இருக்கு. ஒண்டு, சிலிக்கேற்றுக் கரைசல். சோடியம் சிலிக்கேற்று, லிதியம் சிலிக்கேற்று எண்டு வரும். தண்ணி மாதிரி இருக்கும். தரை அதைக் குடிச்சு, கொங்கிரீற்றில இருக்கிற சுண்ணாம்போட சேர்ந்து உள்ளுக்கே இறுகும். மேல தோல் இல்லாததால உரிய ஒண்டுமில்லை, ஈரமும் ஆவியாப் போகும், தூள் பறக்கிறது நிக்கும். நிறமும் மினுக்கமும் வராது, எண்ணெய்க் கறையும் பிடிக்கும். மற்றது, எப்பொக்சியும் சீமெந்தும் கலந்த மூண்டு பகுதிச் சாமான். ஈரத்தைத் தாங்குறதுக்கெண்டே செய்தது. அதை அடியில போட்டு மேல எப்பொக்சி போடலாம். செலவு கூட, வேலை தெரிஞ்ச ஆள் வேணும். உங்கட சுவரோரக் கொப்புளத்தைப் பார்க்க எனக்கு முதலாவது வழிதான் உங்களுக்குப் பொருந்தும் போல இருக்கு. ஆனா சோதிக்காமல் சொல்ல மாட்டன்.

சரி, காய்ஞ்சிருக்கு எண்டு வையுங்கோ. பழைய பெயின்றையும் அந்தத் தோலையும் வைரச் சக்கரம் பூட்டின கிரைண்டரால உரசி எடுக்கவேணும். தடவிப் பார்க்கத் தரை நடுத்தரமான மண்கடதாசி மாதிரி சொரசொரப்பா இருந்தால் காணும். கொஞ்சம் தண்ணி ஊத்திப் பாருங்கோ. உடன குடிச்சால் சரி. முத்து முத்தா நிண்டால் அங்க இன்னும் எண்ணெயோ மெழுகோ இருக்கு. கிரைண்டரோட தூசி இழுக்கிற வக்குயூம் கட்டாயம். அந்தத் தூசியில இருக்கிற சிலிக்கா நெஞ்சுக்குள்ள போனால் திரும்பி வராது. துணியைக் கட்டிக்கொண்டு வேலை செய்யுற பெடியன்களைக் காணேக்க எனக்கு நெஞ்சு பதறும். என்95 மாஸ்க் போடுங்கோ, வேலை செய்ய வாறவைக்கும் வாங்கிக் குடுங்கோ.

அசிட் ஊத்தினால் காணாதோ எண்டு கேப்பீங்கள். பெயின்ற் இருக்கிற தரையில அசிட் ஒண்டும் செய்யாது, அது சீமெந்தைத்தான் அரிக்கும். வெறுந்தரைக்குச் செய்யுறவை இருக்கினம். செய்யுறதெண்டால் தண்ணிக்குள்ள அசிட்டை ஊத்துங்கோ, அசிட்டுக்குள்ள தண்ணியை ஒருநாளும் ஊத்தாதேங்கோ. ஒரு பங்கு அசிட்டுக்கு நாலு பங்கு தண்ணி. பிறகு அப்பச்சோடாத் தண்ணியால கழுவி, திரும்பவும் நல்ல தண்ணியால கழுவவேணும். அந்தப் புகை கேற்றையும் சைக்கிளையும் கறள் பிடிக்க வைக்கும். நான் கிரைண்டரைத்தான் சொல்லுவன்.

எவ்வளவு சாமான் வேணும் எண்டதுக்கு ஒரு கணக்குத் தாறன், கடையில ஏமாறாமல் இருக்கலாம். ஒரு லீற்றரை ஒரு சதுர மீற்றரில ஊத்திப் பரப்பினால் ஒரு மில்லிமீற்றர் மொத்தம் வரும். கார் ஓடுற தரைக்கு ஒரு பூச்சு கால் மில்லிமீற்றராவது நிக்கவேணும். உங்கட கராஜ் 10க்கு 20 அடி எண்டால் பதினெட்டரைச் சதுர மீற்றர். ஒரு பூச்சுக்கே நாலரை, அஞ்சு லீற்றர் போகும், ரெண்டு பூச்சுக்குப் பத்து. இது முழுக்கத் திண்மமா, அதாவது பூசினது முழுக்கத் தரையிலேயே நிக்கிற சாமானுக்கு. டின்னில 50 வீதம் திண்மம் எண்டு போட்டிருந்தால் மிச்சம் காத்தோட போயிடும், நீங்கள் ரெண்டு மடங்கு வாங்கவேணும். கொழும்பில ஹாட்வெயார்க் கடைகள் இருக்கிற பழைய சோனகத் தெருவில விலை விசாரிக்கேக்க டின் விலையை மட்டும் பார்க்காதேங்கோ, இந்த வீதத்தைத் தேடி வாசியுங்கோ. அந்தப் பாஸ் நாலு லீற்றரில முழுத் தரையும் முடிக்கிறன் எண்டால் தின்னர் ஊத்தப் போறார் எண்டு விளங்கிக்கொள்ளுங்கோ.

பூசுற நேரம். தரையின்ர வெப்பநிலை, காத்தின்ர பனிபடுநிலையை (காத்தில இருக்கிற ஈரம் நீராப் படியத் துவங்குற வெப்பநிலை) விட 3 பாகையாவது கூட இருக்கவேணும். விடிய 27 பாகை வெப்பம், 85 வீத ஈரப்பதம் எண்டால் பனிபடுநிலை 24க்கு மேல. இடைவெளி 3 பாகை கூட இல்லை, கண்ணுக்குத் தெரியாமல் தரையில நீர் படியலாம். மத்தியானத்துக்குக் கிட்ட 31 பாகை, 65 வீதம் எண்டு வரேக்க இடைவெளி 7 பாகைக்கு மேல போகும். அதால பத்து, பத்தரைக்குத் துவங்குங்கோ. வெயில் நேர விழுற தரை எண்டால் முதல் நாளே படங்கு கட்டி நிழலாக்குங்கோ. சூடேறுற கொங்கிரீற்று காத்தை வெளிய தள்ளி ஊசித்துவாரம் விழுத்தும்.

கலக்கிறதில கெதி வேணும். ரெண்டு டின்னையும் முழுசாச் சேர்த்து மூண்டு நிமிசம் கலக்கி, வேற வாளிக்கு மாத்தித் திரும்பக் கலக்குங்கோ. அடியில கலக்காமல் கிடந்தது தரையில ஒட்டொட்டெண்டு காயாமல் நிக்கும். கலக்கினதை வாளியில வைச்சிருக்காதேங்கோ. அது தன்பாட்டில சூடேறும், எங்கட வெக்கைக்கு இன்னும் கெதியா. வாளி கையைச் சுட்டால் பிந்திட்டுது. உடன தரையில நீளத்துக்கு ஊத்தி ரோலரால இழுங்கோ. கையில படாமல் நைற்றைல் கையுறை போடுங்கோ. பட்டால் சவர்க்காரத்தால கழுவுங்கோ, தின்னரால துடைக்காதேங்கோ. இந்தச் சாமானுக்கு ஒருக்கா அலர்ஜி வந்தால் பிறகு கனநாளைக்கு விடாது.

அடுத்த நாள் தடவிப் பார்க்க மேல மெழுகு மாதிரி வெள்ளையாப் படிஞ்சிருந்தால் பயப்படாதேங்கோ, ஈரக்காத்தால வாறது. இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணியால கழுவிக் காயவிட்டுத்தான் ரெண்டாவது பூச்சு. ரெண்டாவதுக்கு மேல, அது காய முதல், சலிச்ச நுண்ணிய குவார்ட்ஸ் மணலைத் தூவுங்கோ. வீட்டில வயசான ஆக்கள் இருந்தால் இதைத் தவற விடவே கூடாது, மழைத்தண்ணி பட்ட எப்பொக்சி பாசி பிடிச்ச கிணத்தடி மாதிரி வழுக்கும். கேற்றடியில வெயில் படுற பக்கம் மஞ்சளாகும், அங்க மேல வெயில் தாங்குற ஒரு பொலியூரேத்தேன் பூச்சுக் கேளுங்கோ. ஒரு நாளில நடக்கலாம். காரை ஏழு நாளைக்கு வெளிய விடுங்கோ.

உங்களால செய்ய ஏலுமோ எண்டு கேட்டனீங்கள். சோதனையும் பூசுறதும் ஏலும். உரசுற வேலைக்கு மட்டும் மெசினும் ஆளும் பிடியுங்கோ. இப்ப மழை நாள்தானே, இந்தக் கிழமையே மூண்டு பொலித்தீனையும் ஒட்டிவிட்டு, கழட்டேக்க உள்பக்கம் தெரியுற மாதிரி படம் எடுத்து எனக்கு அனுப்புங்கோ. அதைப் பார்த்திட்டு எந்த வழி எண்டு சொல்லுறன்.