137 வருடம் பெர்மிட் இல்லாமல் எழுந்த தேவாலயம்!

(திரையில்: பார்சிலோனா வீடுகளுக்கு மேலே உயர்ந்து நிற்கும் கோபுரங்கள்)

இந்தத் தேவாலயத்துக்கு 1882-இல் அடிக்கல் நாட்டினார்கள். கட்டட அனுமதி கைக்கு வந்தது 2019-இல். ஆமாம், 137 வருடம் கழித்து! 1885-இலேயே விண்ணப்பம் கொடுத்திருந்தார்கள், பதில்தான் வரவில்லை. கடைசியில் 46 லட்சம் யூரோ கட்டணத்தில் மாநகராட்சி அனுமதி தந்தது.

வணக்கம் நண்பர்களே! இன்றைக்கு சக்ரதா ஃபமிலியா, அதாவது திருக்குடும்பப் பேராலயம்.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் கட்டடக் கலைஞர் சீக்கிரமே விலகிவிட, 1883-இல் 31 வயது அந்தோனி கவுடி பொறுப்பேற்றார். காணிக்கைப் பணத்தில் நடந்த வேலை. பணம் வந்தால் எழும்பும், வராவிட்டால் நிற்கும். 1926-இல் கவுடி மீது ட்ராம் மோதியது. பழைய உடையைப் பார்த்துப் பிச்சைக்காரர் என்றே நினைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் இறந்தார். திட்டமிட்ட 18 கோபுரங்களில் அன்றைக்கு முழுதாக முடிந்திருந்தது ஒன்றே ஒன்று.

சரி, எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருவோம்.

1936. ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் தொடங்கிய நேரம். ஒரு கும்பல் உள்ளே புகுந்து தீ வைத்தது. கவுடியின் வரைபடங்கள் எரிந்தன. வருடக்கணக்கில் செய்து வைத்திருந்த பிளாஸ்டர் மாதிரிகள் சுக்குநூறாயின. இனி எதைப் பார்த்துக் கட்டுவது?

சீடர்கள் அந்தத் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்தார்கள். உடைந்த வளையலில் ஒரு துண்டு கிடைத்தாலும் முழு வளையலின் அளவைக் கண்டுபிடித்துவிடலாம், இல்லையா? வட்டத்துக்கு ஒரு விதி இருக்கிறது, அதனால். கவுடி தன் கடைசிக் காலத்தில் வடிவமைத்தவையும் அப்படிப்பட்டவைதான்.

(திரையில்: ஈர்க்குச்சிக் கட்டு)

ஒரு கைப்பிடி ஈர்க்குச்சியை நடுவில் தளர்வாகக் கட்டி, இரண்டு முனைகளையும் எதிரெதிராக முறுக்குங்கள். நடு ஒடுங்கி, மேலும் கீழும் விரியும். உடுக்கை மாதிரி! ஒவ்வொரு குச்சியும் நேர்க்கோடு, மொத்தமாகப் பார்த்தால் வளைவு. இதன் பெயர் ஹைபர்போலாய்டு. ஜன்னல்களிலும் கூரையிலும் இதுதான். நேர்க்கோடுகளாலேயே உருவாவதால் செய்பவருக்கும் வசதி. பின்னாளில் துண்டுகளை அளந்து, விமானம் வடிவமைக்கும் மென்பொருளில் ஏற்றி, தொலைந்த வடிவங்களை மீட்டார்கள்.

தன் ஆயுளில் இது முடியாது என்று கவுடிக்குத் தெரியும். கட்டடத்தை விட, அதைக் கட்டும் விதியை அவர் விட்டுச் சென்றதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. இந்த இடத்தை எழுதும்போது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

அப்புறம், 2010-இல் போப் பதினாறாம் பெனடிக்ட் வந்து இதை வழிபாட்டுக்காகப் புனிதப்படுத்தினார். 2025 அக்டோபரில் ஜெர்மனியின் உல்ம் தேவாலயத்தைத் தாண்டி, உலகிலேயே உயரமான தேவாலயமானது. நடுக் கோபுரத்தின் திட்ட உயரம் 172.5 மீட்டர். பக்கத்து மொன்ஜுயிக் மலையை விடக் கொஞ்சம் குறைவு. மனிதன் கட்டியது கடவுள் படைத்ததை மிஞ்சக்கூடாது என்பது கவுடியின் எண்ணம்.

பாக்கி இருப்பதில் பெரிய சிக்கல், மகிமை முகப்பின், அதாவது பிரதான வாசல் பக்கத்தின், முன்னால் வரவேண்டிய பெரிய படிக்கட்டு. அது தெருவைத் தாண்டிப் போகும், எதிரே குடியிருப்புகள். அங்கே வாழ்பவர்களுக்கு நியாயமான வழி கிடைக்காமல் ஒரு கல் கூட வைக்கக்கூடாது என்பது என் கருத்து. நீங்கள் அந்தத் தெருவில் குடியிருந்தால் என்ன சொல்வீர்கள்? கமெண்டில் எழுதுங்கள், எல்லாவற்றையும் படிக்கிறேன்.