எதிராளி பந்தை நம்மிடமே விட்டுவிட்டால்?

(வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்துக்கு அருகே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பேசியது. எழுத்துக்காகச் சற்றுச் சுருக்கியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். ஷூவைக்கூடக் கழற்றாமல் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் தனி வணக்கம். பிராக்டிஸ் முடிந்த கையோடு பேச்சு கேட்க உட்காருவது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். அதனால் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே என்று ஆரம்பித்து நேரத்தைத் தின்னப் போவதில்லை. தவிர, இந்தக் கேரம் போர்டை பக்கத்து கிளப்பில் கடன் வாங்கி வந்திருக்கிறேன். எட்டு மணிக்குள் திருப்பித் தர வேண்டும்.

'கால்பந்தில் சின்ன அணி பெரிய அணியை எப்படி ஜெயிப்பது' என்று நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். தலைப்பைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். பெரிய அணியை நிறுத்தும் வித்தை இன்று ஊருக்கே தெரிந்த வித்தை. நமக்கும் தெரியும். நம்மைப் போன்ற இன்னொரு சின்ன அணி எதிரே வந்து நின்றால்தான் நமக்கு என்ன செய்வதென்று தெரிவதில்லை.

2019 செப்டம்பர் 10. தோஹாவில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. எதிரே கத்தார். அதே வருடம் பிப்ரவரியில் ஆசியக் கோப்பையைத் தூக்கிய அணி. நம் பக்கம் கேப்டன் சுனில் சேத்ரிக்குக் காய்ச்சல், ஆடவில்லை. கத்தார்க்காரர்கள் 20-க்கும் மேற்பட்ட முறை கோலை நோக்கி அடித்தார்கள். கோல்கீப்பர் குர்பிரீத் கையில் சிக்காத பந்து ஜிங்கன் காலில் பட்டது, அதற்கும் தப்பியது ஆதில் கான் மேல் பட்டது. கடைசியில் 0-0. அன்று ராத்திரி இந்தத் தெருவில் பட்டாசு வெடித்தவர்கள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

சரி, அடுத்த ஆட்டம்? அக்டோபர் 15, கொல்கத்தா சால்ட் லேக். 60,000-க்கும் மேல் கூட்டம். எதிரே உலக ரேங்கில் 187-வது இடத்தில் இருந்த வங்கதேசம். 42-வது நிமிடத்தில் ஒரு ஃப்ரீ கிக், ஒரு தலையடி, நாம் 0-1. அப்புறம் பந்து முழுக்க நம்மிடம். என்ன செய்தோம்? சைடுக்குக் கொண்டுபோனோம், உள்ளே தூக்கிப் போட்டோம். மறுபடியும் சைடு, மறுபடியும் தூக்கல். 88-வது நிமிடத்தில் பிராண்டன் அடித்த கார்னரில் ஆதில் கான் தலை கொடுத்துக் காப்பாற்றினார். 1-1. காப்பாற்றியவர் ஒரு ஸ்டாப்பர், அதாவது பின்னால் நடுவில் நின்று தடுக்கிறவர், என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது போர்டுக்கு வருகிறேன். பின்னால் இருப்பவர்கள் எழுந்து வந்து பாருங்கள். வெள்ளைக் காய் ஒன்பதுதான் இருக்கிறது, நமக்கு வேண்டியது பதினொன்று. பரவாயில்லை. பவுடர் டப்பா கோல்கீப்பர். சிவப்புக் காய் ஒரு ஃபார்வர்டு. மீதி வெள்ளை ஒன்று அவனுக்குத் துணை. எட்டு வெள்ளை நாலு நாலாக இரண்டு வரிசை. ஸ்ட்ரைக்கர்தான் பந்து.

இரண்டு வரிசைக்கும் நடுவே நாலு விரல் வைக்கிறேன். மைதானத்தில் இது ஏறக்குறைய பத்து மீட்டர். இந்த நாலு விரலுக்குள் எதிராளி நின்று பந்து வாங்கித் திரும்பிவிட்டால் நம் கதை முடிந்தது. அதனால் அதை அகல விடக்கூடாது. பந்து இடது பக்கம் போகிறதா, எட்டுக் காயும் சேர்ந்து இடது பக்கம் நகர வேண்டும். இதோ, வலது ஓரம் காலியாகிவிட்டது பாருங்கள். மைதானத்தின் அகலம் 68 மீட்டர். நாலு பேரால் அதை மூட முடியாது. எனவே அந்த ஓரத்தைத் தெரிந்தே விட்டுக்கொடுக்கிறோம். எதிராளி இங்கிருந்து அங்கே தூக்கி அடித்தால் பந்து இரண்டு மூன்று விநாடி காற்றில் இருக்கும். அந்த நேரத்தில் எட்டுப் பேரும் திரும்ப நகர்ந்துவிடலாம். தொண்ணூறு நிமிடமும் இதே வேலைதான். பார்க்க அழகாக இருக்காது. ஆடுகிறவனுக்குத் தொடை கழன்றுவிடும்.

இதற்கு ஆள் எடுப்பது சுலபம். ஓடுகிறவன், சொன்ன இடத்தில் நிற்கிறவன், வாயை மூடாமல் பக்கத்து ஆளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறவன். டிரிபிளிங்கில் ஊரே கைதட்டும் விங்கர், பந்து போனதும் இடுப்பில் கை வைத்து நிற்கிறான் என்றால் அவனை வெளியே உட்கார வைக்க வேண்டியதுதான். 2016 யூரோவில், அதாவது ஐரோப்பிய நாடுகளின் கோப்பையில், ஐஸ்லாந்து ஆடிய ஐந்து ஆட்டத்துக்கும் ஒரே பதினொரு பேரைத்தான் ஆரம்பத்தில் இறக்கினார்கள். மூன்று லட்சத்துச் சொச்சம் ஜனத்தொகை. நம் வட சென்னைக்குள் அந்த நாட்டை எத்தனை முறை வைக்கலாம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். போர்ச்சுகலோடு டிரா, இங்கிலாந்தை 2-1. அதில் முதல் கோல் ஒரு லாங் த்ரோவிலிருந்து வந்தது. அப்புறம் 2004 கிரீஸ். அதற்கு முன் எந்தப் பெரிய போட்டியிலும் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காத அணி யூரோ கோப்பையையே தூக்கியது. கால் இறுதி, அரை இறுதி, இறுதி மூன்றும் 1-0, மூன்று கோலும் தலையடி, அதில் இரண்டு கார்னர். அவ்வளவுதான் வித்தை. இதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள், எனக்கு அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

நான் நிறுத்திப் பேச நினைப்பது ஜப்பான் கதை. 2022 உலகக் கோப்பையில் ஜெர்மனியை 2-1 என்று ஜெயித்தார்கள். ஸ்பெயினையும் 2-1. ஸ்பெயினோடு ஆடியபோது ஜப்பானிடம் பந்து இருந்தது மொத்த நேரத்தில் 18 விழுக்காடுகூட இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆட்டம் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. கோஸ்டா ரிகா. ஸ்பெயினிடம் ஏழு கோல் வாங்கிக்கொண்டு வந்த அணி. அவர்கள் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு, "இந்தா பந்து, நீயே ஆடு" என்று ஜப்பானிடம் விட்டுவிட்டார்கள். பயிற்சியாளர் மொரியாசு ஐந்து பேரை மாற்றி இறக்கியிருந்தார். ஜப்பான் பந்தை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. 81-வது நிமிடத்தில் கோஸ்டா ரிகா கோலை நோக்கிச் சரியாக ஒரு முறை அடித்தது, அது கோல். 0-1.

அதே போட்டியில் அர்ஜென்டினாவை 2-1 என்று சாய்த்த சவுதி அரேபியா, அடுத்து போலந்திடமும் மெக்சிகோவிடமும் தோற்று வீட்டுக்குப் போனது. பெரிய அணியோடு ஆடும்போது எதிராளி நம்மைத் தேடி வருகிறான். வருகிறவனின் முதுகுக்குப் பின்னால் இடம் கிடக்கிறது. இரண்டு பேர் ஓடினால் போதும். சமமான அணி வராது. அதன் முதுகுக்குப் பின்னால் இடமும் இருக்காது.

நம் கதை இதைவிடக் கசப்பு. 2025 செப்டம்பரில் தஜிகிஸ்தான் போய், மத்திய ஆசியக் கால்பந்துச் சங்கம் நடத்தும் காஃபா நேஷன்ஸ் கோப்பையில் ஓமனோடு 1-1, பெனால்டியில் ஜெயித்து மூன்றாம் இடம். காலித் ஜமில் பயிற்சியாளராக வந்த புதிது. எல்லோருக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் நமக்கு எதிரே இருந்தவர்கள் யார்? வங்கதேசம், ஹாங்காங், சிங்கப்பூர். வங்கதேசத்தோடு ஷில்லாங்கில் 0-0. ஹாங்காங்கில் 0-1. சிங்கப்பூரில் 1-1. அக்டோபர் 14-ம் தேதி கோவாவில், சாங்டே கோலில் முன்னிலை எடுத்தும், அதே சிங்கப்பூரிடம் 1-2. நான்கு ஆட்டம், இரண்டு புள்ளி, இரண்டு கோல். 2027 ஆசியக் கோப்பை போயிற்று. இதில் ஒரு வேடிக்கை, சிங்கப்பூரில் நாம் கோல் அடித்தது ஜிங்கன் சிவப்பு அட்டை வாங்கிப் பத்துப் பேரான பிறகு, 90-வது நிமிடத்தில். ஆள் குறைந்தபோது நமக்குப் பழக்கமான ஆட்டம் வந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 'நாமதான் சின்னவன்' என்றதும் கால் தானாக வேலை செய்கிறது.

மறுபடியும் போர்டு. இந்த முறை கறுப்புக் காயை எதிராளியாக அடுக்குகிறேன், அதே நாலு நாலு, கோலுக்குப் பக்கத்தில். ஸ்ட்ரைக்கர் நம் கையில். கேரம் ஆடுகிறவர்களுக்கு இந்த நிலைமை நன்றாகத் தெரியும். பாக்கெட்டை மறைத்து எதிராளி காய் நிற்கிறது. ஓங்கி அடிக்கிறவன் பவுடர் பறக்க அடிப்பான், காய் மட்டும் விழாது. தெரிந்தவன் இரண்டு காயை லேசாகத் தட்டி இடம் பிரிப்பான்.

மைதானத்தில் அந்த 'தட்டல்' எது? இந்த நாலு விரல் இடைவெளிக்குள் நம் ஆள் ஒருவன் போய் நிற்க வேண்டும். சுற்றி நாலு பேர். பந்து வருவதற்கு முன்பே தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை. உடம்பைப் பாதி திருப்பி, தூரத்துக் காலால் வாங்கினால் முதல் தொடுதலிலேயே முகம் கோலைப் பார்த்துவிடும். கோலுக்கு முதுகு காட்டி வாங்கினால் வந்த பந்தை வந்தவனுக்கே திருப்பித் தர வேண்டியதுதான். அவன் திரும்பிவிட்டால் ஸ்டாப்பர் ஒருவன் வரிசையை விட்டு வெளியே வந்தாக வேண்டும். இதோ, கறுப்புக் காயை ஒரு விரல் முன்னால் இழுக்கிறேன். பின்னால் ஓட்டை விழுந்தது பாருங்கள். விங்கர் ஓட வேண்டியது அந்த ஓட்டைக்குத்தான், கொடிக் கம்பத்துக்கு அல்ல. அந்த நேரத்தில் ஓரத்தில் தடுக்கிற நம் இரண்டு சைடு பேக்கும் ஒரே சமயத்தில் முன்னால் ஏறிவிடாமல் ஒருவன் தங்க வேண்டும். பந்து போனால் ஓடி வருகிறவனைத் தடுக்க ஆள் வேண்டும். அதற்கு நடுவில் இடம் காக்கிற ஒரு ஹாஃப் வேண்டும். வியாசர்பாடியிலிருந்து போன நம் தனபால் கணேஷ் சென்னையின் எஃப்சிக்கு அந்த வேலையைத்தான் செய்தார். 2018 இந்தியன் சூப்பர் லீக் அரை இறுதியில் கோவாவுக்கு எதிராகக் கோலும் போட்டார் என்பதைச் சொல்லாவிட்டால் இங்கே யாராவது என்னை அடிப்பீர்கள்.

அந்த நாலு விரலுக்குள் திரும்பத் தெரிந்த ஆளை எங்கே தேடுவது? நம் தெருவில்தான். ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் சாக்கடை, நடுவில் நிறுத்தி வைத்த ஆட்டோ. பன்னிரண்டு பையன்கள். பந்து சாக்கடையில் விழுந்தால் கழுவுவது அடித்தவன் வேலை. கழுவுகிற வேலைக்குப் பயந்தே ஒவ்வொருவனும் பந்தைக் காலோடு ஒட்டி வைக்கக் கற்றுக்கொள்கிறான். கோச்சிங் கேம்ப் போட்டுச் சொல்லித் தர வேண்டிய விஷயம் இங்கே ஓசியில் கிடைக்கிறது. ஆனால் செலக்‌ஷனுக்குப் போனால் என்ன நடக்கிறது? உயரம் அளக்கிறார்கள், ஓட விட்டு நேரம் பார்க்கிறார்கள். குள்ளப் பையன் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுகிறான்.

மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இருபது வருடத்துக்கு முன் நான் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அணி. முக்கியமான ஆட்டம். எங்களிடம் குட்டையாக ஒரு பையன், தெருவில் வளர்ந்தவன், நாலு பேர் நடுவில் நின்று பந்து வாங்கித் திரும்புவான். அதற்கு முந்தின ஆட்டத்தில் பலமான அணியோடு மோதினோம் என்று அவனை வெளியே வைத்தேன். அது சரி. டிரா செய்தோம். அந்தச் சந்தோஷத்தில் அடுத்த ஆட்டத்துக்கும் அதே பதினொரு பேர். எதிரணி பத்துப் பேரும் பாக்ஸுக்குள் போய் நின்றுகொண்டார்கள். எங்கள் உயரமான ஃபார்வர்டின் தலைக்குத் தூக்கிக்கொண்டே இருந்தோம். அவர்களின் ஸ்டாப்பர் இவனைவிட ஒரு சாண் உயரம். ஒரே ஒரு பந்து எங்களைத் தாண்டி வந்தது, 0-1. கடைசி விசில் ஊதியபோது அந்தப் பையன் கோட்டுக்கு வெளியே தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தான். "சார், வார்ம் அப் பண்ணட்டுமா?" என்று இரண்டு முறை கேட்டிருந்தான். நான் கையைக் காட்டி இருக்கச் சொல்லியிருந்தேன்.

அன்றிலிருந்து 'சிறந்த பதினொன்று' என்ற பேச்சே எனக்குப் பிடிப்பதில்லை. எதற்குச் சிறந்தது? தடுக்க ஒரு பதினொன்று, திறக்க ஒரு பதினொன்று. தேசிய அணிக்கு 23 பேரைக் கூப்பிடும்போதே இரண்டும் அதற்குள் இருக்க வேண்டும். ஐஸ்லாந்து காலத்தில் மாற்று ஆட்டக்காரர் மூன்று பேர்தான். இப்போது ஐந்து. கிட்டத்தட்ட பாதி அணி. ஜெர்மனிக்கு எதிராக மொரியாசு ஹாஃப் டைமில் பின்னால் ஒரு ஆளைக் கூட்டி மூன்று ஸ்டாப்பர் ஆக்கினார், அப்புறம் வரிசையாக ஃபார்வர்டுகளை இறக்கினார். இரண்டு கோலும் மாற்றாக வந்தவர்கள் போட்டது, டோவானும் அசானோவும். ஒரே ஆட்டத்துக்குள் இரண்டு அணி.

நம் நாட்டில் இதை 1962-லேயே ஒருவர் செய்து காட்டிவிட்டார். ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2. பயிற்சியாளர் ரஹீம் சாப். தாய்லாந்து ஆட்டத்தில் ஸ்டாப்பர் ஜர்னைல் சிங்குக்குத் தலை உடைந்து தையல் போட்டார்கள். யாராக இருந்தாலும் ஓய்வு கொடுத்திருப்பார்கள். ரஹீம் அவரை சென்டர் ஃபார்வர்டாக இறக்கினார்! தையல் போட்ட தலையோடு அரை இறுதியில் ஒரு கோல், இறுதியில் ஒரு கோல். பி.கே. பானர்ஜி அடித்தது இன்னொன்று. அதே தென் கொரியாவை 2-1 என்று ஜெயித்துத் தங்கம். எதிராளியைப் பார்த்து ஆளை மாற்றினார், ஆளின் பெயருக்கு முன்னால் எழுதியிருந்த இடத்தைப் பார்க்கவில்லை. அடுத்த வருடமே புற்றுநோயில் போய்விட்டார். ஜகார்த்தாவிலேயே நோயோடுதான் இருந்தார்.

மணி ஏழே முக்கால் ஆகிவிட்டது. கிளப்காரர் வாசலில் வந்து நிற்கிறார், காயை எண்ணிப் பார்த்துத்தான் வாங்குவார். சிவப்புக் காய் யார் கையிலோ இருக்கிறது, கொடுத்துவிடுங்கள். நாளைக் காலை ஆறு மணிக்கு மைதானத்தில் பெனால்டி பாக்ஸுக்குள் பத்துப் பேரை நிறுத்தி, உள்ளே ஆறு பேரை விட்டு ஆட வைக்கப் போகிறேன். தூக்கி அடிக்கக்கூடாது. உயரம் கேட்க மாட்டேன். ஷூ இல்லாதவர்களும் வரலாம்.