புது பிளாஸ்டர் பூல்: முதல் 28 நாள்

வணக்கம் மக்களே. மாதவரத்தில் ஒரு அபார்ட்மென்ட் நீச்சல் குளத்தின் ஓரத்தில் நிற்கிறேன். போன வாரம் வெள்ளை பிளாஸ்டர் பூசினோம், தண்ணீர் நிரப்பி இன்று நான்காம் நாள். இங்கே பாருங்கள், சுவரைத் தடவினால் விரலில் திருநீறு மாதிரி ஒட்டுகிறது. காலையில் அசோசியேஷன் செயலாளர் பதறிப்போய் போன் செய்தார், பூச்சு உதிர்கிறதோ என்று. இல்லை சார், அது சிமென்டிலிருந்து வருகிற சுண்ணாம்பு.

வீட்டில் புதுச் சுவர் பூசினால் நாள் கணக்கில் தண்ணீர் ஊற்றுவோம் இல்லையா? இங்கே அந்த வேலை தண்ணீருக்குள்ளேயே நடக்கிறது. பிளாஸ்டர் இறுகும்போது சுண்ணாம்பைக் கக்கும். அது கலக்கக் கலக்கத் தண்ணீரின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, ஏறிக்கொண்டே போகும். ஏறினால் வெள்ளைத் தூளாகப் படியும். அப்படியே விட்டால் சொரசொரப்பாகச் சுவரிலேயே உறைந்துவிடும்.

முதலில் தண்ணீரைச் சொல்கிறேன், நம் பக்கத்தில் பெரிய தலைவலியே அதுதான். இந்தக் குளம் 86,000 லிட்டர் பிடிக்கும். 12,000 லிட்டர் லாரி என்றால் எட்டு நடை. நிரப்ப ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தவே கூடாது. நிறுத்திய மட்டத்தில் சுற்றிலும் ஒரு கோடு விழும், அது போகாது. முன்பு ஒரு குளத்தில் நாலு நடைக்கு அப்புறம் லாரி வரவில்லை. மறுநாள் காலை வரை பாதிக் குளத்தோடு காத்திருந்தோம். அந்தக் கோடு இன்றும் அங்கே இருக்கிறது, நினைத்தால் மனசு வலிக்கும். அதனால் இந்த முறை மூன்று லாரிகளை மாற்றி மாற்றி வரச் சொல்லிவிட்டேன். குழாய் வாயில் கோணிச் சாக்கு கட்டினோம், தண்ணீர் பாய்ந்து பூச்சை அரிக்காமல் இருக்க.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். கடலோரத்து போர் தண்ணீரில் உப்பும் கடினத்தன்மையும் இருக்கும், இரும்பு இருந்தால் வெள்ளைப் பூச்சில் காவிக் கறை விழும். காட்டுப்பள்ளியில் 2010-ல் திறந்த மீஞ்சூர் நிலையம் கடல்நீரைக் குடிநீராக்கக் கட்டியது. அப்படி உப்பு நீக்கிய தண்ணீரில் இயல்பாகவே கால்சியம் குறைவு. கால்சியம் குறைந்த தண்ணீர் பசித்த தண்ணீர், தனக்கு வேண்டியதைப் பூச்சிலிருந்தே கரைத்து எடுத்துக்கொள்ளும். எனவே நிரப்பும் முன்பே டெஸ்ட் செய்துவிடுங்கள். எனக்குக் கடினத்தன்மை, அதாவது கால்சியம் அளவு, 90 வந்தது; பி.எச். சட்டென்று மாறாமல் பிடித்து வைக்கிற அல்கலினிட்டி 70 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) வந்தது. நிரம்பிய உடனே கால்சியம் குளோரைடு போட்டு கடினத்தன்மையை 150-க்கு மேல் கொண்டுவந்தேன். அல்கலினிட்டியை 100 ஆக்க நாலரைக் கிலோ போல சமையல் சோடா, பக்கெட்டில் கரைத்துத்தான்.

சரி, இப்போது பி.எச். சோதனைக் குழாயில் குளத்துத் தண்ணீர் எடுத்து, பி.எச்.-க்கு ஏற்ப நிறம் மாறுகிற ஃபீனால் ரெட் ஐந்து சொட்டு விடுகிறேன். கேமராவில் தெரிகிறதா? அடர்ந்த ரோஸ். 8.2-க்கு மேல். எனக்கு 7.2 முதல் 7.6 வரை வேண்டும், ஆரஞ்சு கலந்த சிவப்பாக இருக்கணும். பி.எச். இறங்க ஆசிட் போட்டே ஆக வேண்டும், ஆனால் ஒரே மூச்சில் கொட்டக் கூடாது. ஆசிட் தண்ணீரைவிடக் கனம், நேராகத் தரைக்கு இறங்கி அந்த இடத்துப் பூச்சை அரித்துவிடும். பக்கெட்டில் முதலில் தண்ணீர், அப்புறம்தான் ஆசிட், மாற்றிச் செய்யவே செய்யாதீர்கள். கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, பம்ப் ஓட, ஆழமான பக்கத்தில் நடந்துகொண்டே ஊற்ற வேண்டும். காலையில் ஒரு லிட்டர், மாலையில் மறுபடி அளந்து பார்த்துத் தேவையானது. நாளைக்கும் ஏறும், மறுநாளும் ஏறும். மெதுவாகத்தான் அடங்கும்.

தினமும் இரண்டு வேளை நைலான் பிரஷ் போடுங்கள், மேலிருந்து கீழே. தேய்த்த இடத்தில் பால் கலந்த மாதிரி கிளம்பும், அதை ஃபில்டர் பிடித்துக்கொள்ளும். ஃபில்டரில் பிரஷர் ஏறினால் பேக்வாஷ், அதாவது தண்ணீரைத் திருப்பி விட்டு ஃபில்டரைக் கழுவ வேண்டும். சக்கரம் வைத்த வேக்குவமை, பூச்சு இறுகுகிற இந்த 28 நாளும் இறக்காதீர்கள், தடம் விழும். உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கிற உப்புக் குளோரினேட்டர் வைத்திருப்பவர்கள் 28 நாள் முடியாமல் உப்பு போடாதீர்கள்.

முதல் மூன்று நாள் குளோரினும் போடவில்லை. இன்று சாயங்காலம்தான் முதல் தடவை, அதையும் கரைத்து ஊற்றுவேன். மாத்திரையைத் தரையில் போட்டால் கறை நிச்சயம். இதோ, பிரஷ் போட நேரமாகிவிட்டது. ஏழாம் நாள் ரீடிங்கோடு இதே இடத்தில் வருகிறேன்.