ஓட இடம் தேடிய கார்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பிரிட்டனில் நடக்கும் மோட்டார் பந்தய வகைகளைப் பற்றி ஓர் அறிமுகம் தர வேண்டும் என்று நிலையத்தார் கேட்டபோது, ஒரு தாளை எடுத்து வகைகளின் பெயர்களை எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கம் நிறைந்து அடுத்த பக்கத்துக்கும் போய்விட்டது. அதை அப்படியே வாசித்தால் ஒன்றும் மனதில் நிற்காது. அதனால் இன்று ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன். இந்த நாட்டுக்காரர்கள் காரை எங்கே கொண்டுபோய் ஓட்டினார்கள்? அது தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் பிடிபட்டுவிடும்.

கதை 1903இல் தொடங்குகிறது. அந்த வருடம் வந்த மோட்டார் கார் சட்டம், பொதுச் சாலையில் மணிக்கு 20 மைல், அதாவது 32 கிலோமீட்டர் என்று வேகத்துக்கு வரம்பு கட்டியது. கடலுக்கு அந்தப் பக்கம் பிரான்சில் சாலைகளிலேயே பந்தயம் நடந்துகொண்டிருந்த காலம் அது. இங்கிலாந்தில் அதற்கு வழியே இல்லை. கார் வாங்கியாயிற்று, வேகமாகப் போகவும் ஆசை, ஆனால் ஓட்டச் சாலை கிடையாது. இந்த ஒரு தடைதான் பிரிட்டிஷ் பந்தயத்துக்கு இத்தனை முகங்களைக் கொடுத்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சர்ரே மாவட்டத்தில், வெய்பிரிட்ஜ் என்ற ஊரில், ஹியூ லாக் கிங் என்ற நிலக்கிழார் தன் சொந்த நிலத்தில் சொந்தப் பணத்தைப் போட்டு ஒரு தடம் கட்டினார். 1907இல் திறக்கப்பட்ட அந்த புரூக்லண்ட்ஸ்தான் மோட்டார் பந்தயத்துக்கென்றே உலகில் கட்டப்பட்ட முதல் தடம். முழுவதும் கான்கிரீட். வளைவுகள் பெரிய கிண்ணத்தின் விளிம்பு மாதிரி சாய்ந்து, ஏறக்குறைய 9 மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கும். கார்ப் பந்தயத்தை எப்படி நடத்துவது என்று அப்போது யாருக்குத் தெரியும்? தெரிந்ததெல்லாம் குதிரைப் பந்தயம்தான். அதனால் தொடக்கத்தில் ஓட்டுநர்களுக்கு எண் கொடுக்காமல் ஜாக்கிகளைப் போல வண்ணச் சட்டை போட்டுவிட்டார்கள். கார்கள் தயாராகும் இடத்தை இன்றும் பேடாக் என்கிறோமே, அதுவும் குதிரைப் பந்தயத்திலிருந்து வந்த சொல்தான். இரண்டாம் உலகப் போர் வந்தபோது புரூக்லண்ட்ஸில் பந்தயம் நின்றது, மறுபடி தொடங்கவே இல்லை. ஆனால் அந்தச் சாய்ந்த கான்கிரீட்டின் ஒரு பகுதி இன்னும் இருக்கிறது. அங்குள்ள அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் அதையும் நேரில் பார்த்துவிட்டு வரலாம்.

தடம் கட்டப் பணமில்லாதவர்கள் மேட்டைத் தேடிப் போனார்கள். வூஸ்டர்ஷயரில் ஷெல்ஸ்லி வால்ஷ் என்று ஒரு சின்ன ஊர். அங்கே மரங்களுக்கு நடுவே ஒரு குறுகலான தார்ப்பாதை குன்றில் ஏறுகிறது. நீளம் 1000 கெஜம், ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. தனியார் நிலம் என்பதால் வேக வரம்பு அங்கே செல்லாது. 1905இல் முதல் போட்டி நடந்தது. அதே பாதையில் இன்றும் நடக்கிறது. இதற்குப் பெயர் ஹில் கிளைம்ப். ஒவ்வொரு காராகப் புறப்படும். பக்கத்தில் எதிராளி கிடையாது, கடிகாரம் மட்டும்தான். அதிவேகக் கார்கள் 25 விநாடிக்குள் உச்சியைத் தொட்டுவிடும். ஒரு முழு வருட உழைப்பு அந்த 25 விநாடியில் முடிந்துவிடுகிறது!

எனக்கு மிகவும் பிடித்த வகை இதுதான் என்பதை மறைக்க மாட்டேன். 15 வருடமாக வார இறுதிகளில் ஆரஞ்சு நிற மேலாடை போட்டுக்கொண்டு, கையில் கொடியோடு தடத்தோரம் நிற்கிறவன் நான். எங்களை மார்ஷல்கள் என்பார்கள். சம்பளம் கிடையாது. மஞ்சள் கொடி அசைந்தால் முன்னால் ஆபத்து, மெதுவாக வா என்று பொருள். சிவப்புக் கொடி என்றால் பந்தயமே நிறுத்தம். சில்வர்ஸ்டோனில் ஃபார்முலா ஒன் நடக்கும்போது ஓடிவந்து காரைத் தள்ளுகிறார்களே, அவர்களும் இப்படிப்பட்ட தன்னார்வலர்கள்தான். ஆசிரியர், செவிலியர், மின்பணியாளர், ஓய்வுபெற்றவர் என்று எல்லாத் தரப்பினரும் இருப்பார்கள். நவம்பர் மழையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு, பக்கத்தில் நிற்பவர் பிளாஸ்கிலிருந்து ஊற்றிக் கொடுக்கும் தேநீரைக் குடிக்கும்போது கிடைக்கும் நிறைவை வேறு எங்கும் நான் அனுபவித்ததில்லை.

சரி, இடத்துக்கு வருவோம். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் மான் தீவு இருக்கிறது. அதற்குத் தனி நாடாளுமன்றம், தனிச் சட்டம். அவர்கள் 1904லேயே பந்தயத்துக்காகச் சாலையை மூடச் சட்டம் போட்டுக்கொண்டார்கள். 1907 முதல் அங்கே மோட்டார் சைக்கிள்களுக்கான டிடி, அதாவது டூரிஸ்ட் டிராஃபி பந்தயம் நடக்கிறது. இப்போதைய மலைப்பாதையில் ஒரு சுற்று 60 கிலோமீட்டருக்கும் மேல். கல் மதில், வீட்டு வாசல், விளக்குக் கம்பம் எல்லாவற்றையும் உரசுகிற மாதிரிப் பறப்பார்கள். இத்தனை வருடங்களில் அந்தப் பாதையில் உயிரிழந்த ஓட்டுநர்கள் 250 பேருக்கும் மேல். அந்த வீரத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த எண்ணிக்கையைச் சொல்லாமல் டிடியைப் புகழ்வது நேர்மையாகாது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரிட்டனில் எங்கு பார்த்தாலும் கைவிடப்பட்ட விமானத் தளங்கள். நீளமான ஓடுபாதை, சுற்றிலும் வளையமாக ஒரு பாதை, பக்கத்தில் வீடுகளும் கிடையாது. பந்தயக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? 1947இல் சில நண்பர்கள் சில்வர்ஸ்டோன் விமானத் தளத்துக்குள் புகுந்து தாங்களாகவே ஒரு பந்தயம் ஓட்டினார்கள். மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று குறுக்கே வந்து ஒரு காரில் அடிபட்டது. அதனால் அந்தப் பந்தயத்துக்கு மட்டன் கிராண்ட் பிரி என்றே பெயர் நின்றுவிட்டது. அடுத்த வருடமே அங்கே முறையான கிராண்ட் பிரி நடந்தது. 1950 மே 13 அன்று, மன்னர் ஆறாம் ஜார்ஜ் பார்த்திருக்க, உலக ஃபார்முலா ஒன் சாம்பியன்ஷிப்பின் முதல் பந்தயமும் அதே இடத்தில்தான். திரக்ஸ்டன், ஸ்நெட்டர்டன், காசில் கூம், குட்வுட் எல்லாமே ஒரு காலத்தில் விமானங்கள் இறங்கிய இடங்கள். அவை தட்டையாக, காற்று வாரியடிக்கிற இடங்களாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்தத் தடங்களில் மக்கள் கூட்டம் அதிகம் சேர்வது டூரிங் கார் பந்தயத்துக்கு. பார்க்க நம் வீட்டு வாசலில் நிற்கிற கார் மாதிரிதான் இருக்கும், உள்ளே எல்லாமே வேறு. 1958இல் தொடங்கியபோது இஞ்சின் அளவை வைத்துக் கார்களைப் பிரித்து, அந்தந்தப் பிரிவில் முதலாவதாக வருகிறவருக்குப் புள்ளி கொடுத்தார்கள். வருட முடிவில் ஆஸ்டின் ஓட்டிய ஜாக் சியர்ஸும் ஜாகுவார் ஓட்டிய டாமி சாப்வித்தும் சமப் புள்ளியில் நின்றார்கள். நாணயத்தைச் சுண்டி முடிவு செய்யலாமா என்ற பேச்சுகூட எழுந்தது. இருவருக்கும் அது பிடிக்கவில்லை. கடைசியில் ஒரே மாதிரியான இரண்டு ரைலி கார்களைக் கொண்டுவந்து, பிராண்ட்ஸ் ஹேட்ச் என்ற தடத்தில் ஒரு முறை ஓடவிட்டு, கார்களை மாற்றிக்கொடுத்து மறுபடி ஓடவிட்டார்கள். இரண்டு விநாடிகூட இல்லாத வித்தியாசத்தில் சியர்ஸ் வென்றார். இன்று வருடத்துக்கு 10 வார இறுதிகள், ஒவ்வொன்றிலும் மூன்று பந்தயங்கள். மூன்றாவது பந்தயத்தில், முந்தைய பந்தயத்தில் முன்னால் வந்தவர்களைச் சீட்டுக் குலுக்கிப் பின்னுக்குத் தள்ளி வரிசையைத் திருப்பிவிடுவார்கள். கடைசிச் சுற்று வரை யாராலும் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஜிடி பந்தயம் இதற்கு நேரெதிர்க் குணம் கொண்டது. விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்கள், நீண்ட ஓட்டம், ஒரு காருக்கு இரண்டு ஓட்டுநர்கள். பெரும்பாலும் ஒருவர் தொழில்முறை ஓட்டுநர், இன்னொருவர் ஆசைக்காக ஓட்டுகிறவர். நடுவில் நிறுத்தி ஆள் மாற்ற வேண்டும். போன பந்தயத்தில் வென்ற கார் இந்த முறை அங்கே சில விநாடி கூடுதலாகக் காத்து நிற்க வேண்டும். தாய் வழியில் இந்தியரான ஜேமி சாட்விக், 2015இல் பிரிட்டிஷ் ஜிடி போட்டியின் ஜிடி4 என்ற பிரிவில் பட்டம் வென்றார். அதை வென்ற முதல் பெண் அவர்.

அடுத்து, ஃபார்முலா ஒன்னுக்குப் போகும் ஏணி. முதல் படி கார்ட்டிங், அதாவது கூரையில்லாத சின்னஞ்சிறு வண்டிகளின் பந்தயம். 6 வயதிலேயே குழந்தைகள் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஃபார்முலா ஒன் சாம்பியன் லூயிஸ் ஹாமில்டன் 8 வயதில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரின் ரை ஹவுஸ் கார்ட் தடத்தில் தொடங்கியவர். அப்புறம் ஃபார்முலா 4, அதற்கு மேல் இப்போது ஜிபி3 என்று அழைக்கப்படுகிற படி. முன்பு அந்த இடத்தில் இருந்தது பிரிட்டிஷ் ஃபார்முலா 3. ஜாக்கி ஸ்டூவர்ட், அயர்ட்டன் சென்னா, மிகா ஹாக்கினென் எல்லாம் அதில் பட்டம் வென்று மேலே போனவர்கள்.

இந்த ஏணியில் நம் ஊர்க்காரர் ஒருவரின் காலடியும் பதிந்திருக்கிறது. கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 1994இல் இங்கே வந்து ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலப் போட்டியில் பட்டம் வென்றார். ஃபார்முலா ஃபோர்டு 1967இல் பிராண்ட்ஸ் ஹேட்சில் பிறந்த வகை. காரில் இறக்கை கிடையாது, டயரும் சாதாரணமானது. அதனால் காற்றழுத்தத்தின் துணை இல்லாமல், ஓட்டுகிறவரின் கையும் காலும் மட்டுமே பேசும். இதில் தேறினவர் எதையும் ஓட்டிவிடுவார் என்று இங்கே பழைய ஆட்கள் சொல்வார்கள். நரேன் 1999இல் ஃபார்முலா 3 பந்தயங்களையும் பிராண்ட்ஸ் ஹேட்சில் வென்றார். 2001 ஜூனில் சில்வர்ஸ்டோனில் ஃபார்முலா ஒன் காரைச் சோதனைக்கு ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். 2005இல் அவருக்கு இடம் கொடுத்த ஜோர்டன் அணியின் தொழிற்சாலையும் அதே தடத்தின் வாசலில்தான் இருந்தது.

இனி காட்டுக்குள் போவோம். 1932இல் தொடங்கிய ஆர்ஏசி (ராயல் ஆட்டோமொபைல் கிளப்) ரேலி, முதலில் சாலையில் நீண்ட தூரம் போய்வரும் பயணமாகத்தான் இருந்தது. அதை மாற்றியவர் ஜாக் கெம்ஸ்லி என்ற அமைப்பாளர். வனத்துறையிடம் பேசி, மரம் ஏற்றும் லாரிகளுக்காகப் போட்ட சரளைப் பாதைகளை 1961இல் பந்தயத்துக்குப் பயன்படுத்த அனுமதி வாங்கினார். அவையும் பொதுச் சாலை அல்லவே! அன்றிலிருந்து வேல்ஸ், ஸ்காட்லாந்து, கீல்டர் காடுகள் எல்லாம் ரேலிக்காரர்களின் பள்ளிக்கூடம் ஆகிவிட்டன. அங்கே பழகிய ஸ்காட்லாந்துக்காரர் காலின் மக்ரே, 1995இல் இதே ரேலியை வென்று உலகப் பட்டத்தையும் எடுத்தார். ரேலியில் என்னை வியக்க வைப்பவர் பக்கத்து இருக்கையில் இருப்பவர். கார் மரங்களுக்கு நடுவே குதித்துக்கொண்டு போகும். அவர் தலையைக் குனிந்து குறிப்பேட்டைப் பார்த்து, “இடது மூன்று, நூறு மீட்டர், மேடு, வலது ஐந்து” என்று சொல்லிக்கொண்டே வருவார். ஒரு சொல் பிந்தினால் கார் பள்ளத்தில்.

வயலும் சேறும் கிடைத்தவர்கள் அதையும் விடவில்லை. டிரையல் என்று ஒரு வகை, அதில் வேகத்துக்கு மதிப்பே இல்லை. வழுக்கும் சேற்று மேட்டில் நிற்காமல் எவ்வளவு தூரம் ஏறுகிறாய் என்பதுதான் கணக்கு. சக்கரத்துக்குப் பிடிப்பு கிடைக்கட்டும் என்று பக்கத்தில் இருப்பவர் இருக்கையில் எம்பி எம்பிக் குதிப்பார். 1908இல் பிறந்த லேண்ட்ஸ் எண்ட் டிரையல் இன்றும் நடக்கிறது. ரேலிகிராஸ் பிறந்ததோ தொலைக்காட்சிக்காக. 1967 பிப்ரவரியில் கென்ட் மாவட்டத்தின் லிடன் ஹில்லில், பாதி தார் பாதி மண் என்ற சின்னச் சுற்றில் கார்களை ஒன்றாக ஓடவிட்டுப் படம்பிடித்தார்கள். அங்கிருந்து ஐரோப்பா முழுக்கப் பரவியது. செலவு குறைவாகப் பழக விரும்பும் இளையவர்களுக்கு ஆட்டோடெஸ்ட் இருக்கிறது. காலி மைதானத்தில் கூம்புகளைச் சுற்றி, வீட்டுக் காரிலேயே ஓட்டலாம். 14 வயதிலேயே, உரிமம் உள்ள பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, தொடங்கிவிடலாம்.

நகரத்துத் தொழிலாளர் குடும்பங்களுக்கு வயலும் இல்லை, குன்றும் இல்லை. அவர்களிடம் இருந்தது நாய்ப் பந்தய அரங்கமும் ஸ்பீட்வே எனும் மோட்டார் சைக்கிள் பந்தய மைதானமும். 1954 புனித வெள்ளியன்று லண்டன் நியூ கிராஸ் அரங்கில் ஸ்டாக் கார் பந்தயம் பிரிட்டனில் முதன்முதலாக நடந்தது. இதில் இடிப்பது குற்றமில்லை, விதியே அதுதான். காரின் கூரை நிறத்தைப் பார்த்தே ஓட்டுகிறவரின் தரத்தைச் சொல்லிவிடலாம். புதியவருக்கு வெள்ளை, பிறகு மஞ்சள், நீலம், சிவப்பு, உலகச் சாம்பியனுக்குத் தங்க நிறம். புதியவர்கள் முன்னால் புறப்பட, திறமைசாலிகள் பின்னாலிருந்து இடித்துக்கொண்டு முன்னேற வேண்டும். மூன்று தலைமுறையாக ஒரே குடும்பம், ஒரே எண், தாத்தா பெயிண்ட் அடிக்க பேத்தி ஓட்டுகிற காட்சியை அங்கே பார்க்கலாம். இதைப் பற்றிப் பத்திரிகைகள் அதிகம் எழுதாதது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

இன்னும் சாண்டா பாட் என்ற இடத்தில் கால் மைல் நேர்கோட்டில் பறக்கும் டிராக் (drag) பந்தயம் உண்டு, அதுவும் பழைய விமானத் தளம்தான். 1973 முதல் புல்வெட்டும் இயந்திரங்களுக்குக்கூடத் தனிப் பந்தயச் சங்கம் இருக்கிறது.

கடைசியாக அந்தப் பழைய தடைக்கே வருகிறேன். 2017இல் இங்கிலாந்தில் ஒரு சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. முறையாக அனுமதி பெற்றால், பந்தயத்துக்காகப் பொதுச் சாலையை மூடலாம், வேக வரம்பையும் அன்றைக்கு நிறுத்தி வைக்கலாம். 2018 ஏப்ரலில் எசெக்ஸ் மாவட்டத்தில், கிளாக்டன் கடற்கரை ஊரைச் சுற்றியுள்ள கிராமத்துச் சாலைகளில் செம்ஸ்ஃபோர்ட் மோட்டார் கிளப் ஒரு ரேலி நடத்தியது. புதிய சட்டத்தின்கீழ் இங்கிலாந்தில் நடந்த முதல் ரேலி அது. முந்தின நாள் வரை டிராக்டரும் தபால் வண்டியும் போய்வந்த அந்தக் குறுகலான சாலைகளில், வேலி மறைக்கிற வளைவுகளில், கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக முழு வேகத்தில் போயின.

வணக்கம்.