அடைப்பு எத்தனை சதவீதம்?

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து, இதய ரத்தக்குழாய் அடைப்பைக் காட்டும் ஆஞ்சியோ எக்ஸ்ரே ரிப்போர்ட்டோடு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "அடைப்பு எத்தனை பர்சென்ட்?" என்றுதான். நாற்பது என்றால் முகம் தெளிந்துவிடும். எண்பது என்றால் கூட வந்த ஆச்சிக்குக் கண் கலங்கிவிடும்.

ஆனால் ஆஞ்சியோவில் தெரிவது ரத்தம் ஓடும் வழி மட்டுமே. குழாயின் சுவர் தெரியாது. நம் வீட்டு வளவில் நின்றால் அதன் அகலம் தெரியும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பளபளப்பான சுவருக்குள் ஓதம் ஏறியிருப்பது தெரியுமா? பல மாரடைப்புகள் சுவருக்குள்தான் தொடங்குகின்றன. கொழுப்பு படிந்த இடத்துக்கு மேக்ரோபேஜ் என்னும் வெள்ளணுக்கள் வந்து, அதை விழுங்கி, அங்கேயே தங்கிவிடும். அவை சுரக்கும் நொதிகள் படிவின் மேல்மூடியை அரிக்கும். இதைத்தான் அழற்சி என்கிறோம். மூடி கிழிந்தால் அங்கே ரத்தம் உறைந்து, குழாயே அடைபட்டுவிடும். கிழிகிற படிவு நாற்பது சதவீத அடைப்பாகவும் இருக்கலாம்.

சரி, எந்தப் படிவில் அழற்சி என்று எப்படிப் பார்ப்பது? இண்டோசயனைன் கிரீன் என்றொரு பச்சைச் சாயம் உண்டு. 1959 முதல் மருத்துவத்தில் இருக்கிறது. கண் டாக்டர்கள் விழித்திரைக்குப் பின்னாலுள்ள ரத்தக்குழாய்களைப் பார்க்க இதை ஏற்றுவார்கள். சாயத்தின் பெரும்பகுதியைக் கல்லீரல் சீக்கிரமே பித்தத்தில் தள்ளிவிடும். கசிவுள்ள படிவுகளில் மட்டும் கொஞ்சம் உள்ளே புகுந்து, கொழுப்பிலும் வெள்ளணுக்களிலும் ஒட்டிக்கொள்ளும். 800 நானோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்பு ஒளியை, ரத்தக்குழாய்க்குள் விட்ட மெல்லிய கருவிக்குழாய் வழியே பாய்ச்சினால் அந்த இடம் ஒளிரும். நம் கண்ணுக்குத் தெரியாது, கருவிக்குத் தெரியும். அந்த ஒளியை ரத்தம் அதிகம் விழுங்காது என்பதுதான் இதில் பெரிய வசதி. பாஸ்டன் ஆய்வாளர்கள் 2011-இல் முயல்களில் இதைக் காட்டினார்கள். அப்புறம், கழுத்துத் தமனியில் அறுவை செய்து எடுத்த மனிதப் படிவுகளிலும் சாயம் ஒளிர்ந்தது.

உடனே "எனக்கும் அந்தச் சாயம் ஏற்றுங்கள்" என்று கேட்டுவிடாதீர்கள்! இது இன்னும் ஆய்வுக்கட்டத்தில்தான் இருக்கிறது. இதயத் தமனியைப் பார்க்க அதற்குள் குழாய் விட வேண்டும். சும்மா செக்கப்புக்குச் செய்கிற காரியமல்ல. தவிர, சாயம் ஒளிர்ந்தால் அழற்சி மட்டும்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது. கசிவாலும் கொழுப்பாலும்கூட அது ஒளிரலாம்.

இன்று கையில் இருப்பது ஸ்டேட்டின் மாத்திரை. அது கொழுப்போடு அழற்சியையும் தணிக்கிறது. "நாற்பதுதானே, கொலஸ்ட்ரால் நார்மல் ஆயிடுச்சே" என்று நீங்களாக அதை நிறுத்தாதீர்கள். மாத்திரையால் கை கால் வலித்தால்கூட முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு மாத்திரைக்கும் மாற்றலாம்.