உள்ளங்கை அரித்தால் சொல்லுங்கள்

வணக்கம் நேயர்களே. கீமோ மருந்து சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருக்கிறது. உள்ளங்கை லேசாக அரிக்கிறது. 'நர்ஸ் வேறு வேலையாக இருக்கிறார், இதற்குப் போய்க் கூப்பிடுவானேன்' என்று பலர் சொறிந்துகொண்டு பேசாமல் இருந்துவிடுகிறார்கள். கீமோ வார்டு செவிலியரான நான் பேச வந்தது அந்த அரிப்பைப் பற்றித்தான்.

அது மருந்து ஒவ்வாமையின் தொடக்கமாக இருக்கலாம். அந்த ஒவ்வாமையை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் நோயாளிதான். ரத்த அழுத்தம் இறங்கிய பிறகுதான் மானிட்டர் காட்டும். அதற்கு முன்பே உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கலாம், முகம் சிவந்து சூடாகலாம், தொண்டை அடைக்கலாம், நெஞ்சு இறுகலாம், சிலருக்குத் திடீரென்று முதுகு வலிக்கும். 'என்னமோ மாதிரி இருக்கிறது' என்றாலே போதும். மருந்தை நிறுத்திவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்போம்.

பாக்லிடாக்செல் என்ற கீமோ மருந்து பெரும்பாலும் முதல் அல்லது இரண்டாம் தடவையே, ஏற ஆரம்பித்த சில நிமிடங்களில் ஒவ்வாமையைக் காட்டிவிடும். அது தண்ணீரில் எளிதில் கரையாது. கரைப்பதற்காகச் சேர்க்கும், ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த பொருளே பல சமயம் காரணம். அதனால்தான் முன்கூட்டியே ஸ்டீராய்டும் ஒவ்வாமைத் தடுப்பு மருந்தும் கொடுக்கிறோம். கார்போபிளாட்டின் என்ற இன்னொரு கீமோ மருந்து நேர் எதிர். ஐந்தாறு தடவை ஒன்றும் செய்யாது. அதற்குள் உடம்பு மெல்ல எதிர்ப்பொருளைத் தயார்செய்து, ஏழாவது எட்டாவது தடவையில் காட்டும். நோய் திரும்பி வந்து, அதே மருந்தை மறுபடி தொடங்குபவர்களிடம் இதை அதிகம் பார்க்கிறோம். 'எனக்குப் பழகின மருந்துதானே' என்ற நம்பிக்கை அங்கே ஆபத்தானது.

சரி, வந்தது ஒவ்வாமைதானா? அறிகுறி தொடங்கி அரை மணியிலிருந்து 2 மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்து, ஒவ்வாமையின்போது உடம்பு வெளிவிடும் டிரிப்டேஸ் என்ற பொருளின் அளவைப் பார்ப்பார்கள். ஒரு நாளாவது கழித்து மறுபடி எடுத்து ஒப்பிடுவார்கள். அளவு ஏறாவிட்டாலும் ஒவ்வாமை இல்லை என்று தள்ளிவிட முடியாது. கார்போபிளாட்டினுக்குச் சில வாரம் கழித்துத் தோல் பரிசோதனையும் உண்டு.

சொன்னால் மருந்தையே நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து மறைப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் மிகச் சிறிய அளவில் தொடங்கி, 12 படிகளில் கூட்டி, சுமார் 6 மணி நேரத்தில் முழு அளவையும் ஏற்றும் முறை இருக்கிறது. எல்லோருக்கும் அது பொருந்தாது. பொருந்துமா என்று டாக்டர் முடிவு செய்ய, அன்று எந்த நிமிடத்தில் உங்களுக்கு என்ன செய்தது என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.